உளி நிற்கும் இடம்

2025 ஜனவரி 20, திங்கள் (தை 7)

பொங்கல் விடுப்பு முடிந்து பட்டறை திறந்த அன்றே வேலை வந்துவிட்டது. செய்யூர்ப் பக்கத்து ஊர்க் கோயிலில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். நின்ற கோலத்தில் நாலடி விநாயகர், வாசலுக்கு ஒரு ஜோடி துவாரபாலகர், எல்லாவற்றுக்கும் பீடம். வைகாசியில் குடமுழுக்கு. "நாள் குறிச்சாச்சு, தள்ள முடியாதுங்க" என்று சொல்லி, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுத்தார்கள்.

அவர்கள் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவதற்குள் அண்ணன் மகன் தொடங்கிவிட்டான். "சித்தப்பா, கம்ப்ரஸரும் ஏர் உளியும் வாங்கிடலாம். கிரைண்டரும் இன்னும் ரெண்டு வேணும். இருக்கிறதை வெச்சு வைகாசிக்குள்ள முடியாது." மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியில் படித்தவன். 1957இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் இன்றும் கையில் உளியைக் கொடுத்துத்தான் பாடம் தொடங்குகிறார்கள். உளி பிடிக்கத் தெரிந்து கேட்கிறான் என்பதால் அவன் பேச்சைத் தட்டிவிட மனம் வரவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெஷினே வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "என் தோள் போனது கொத்து வேலையிலடா. முகம் எடுத்ததுல போகல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

எந்த வேலைக்கு எது என்று தீர்மானிக்காமல் பணத்தைப் போடக் கூடாது. பார்ப்பதையும் கேட்பதையும் இதில் எழுதி வைக்கிறேன்.

2025 ஜனவரி 21, செவ்வாய் (தை 8)

சிறுதாமூர்க் கல் இறங்கியது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கும் போன கல். மாமா கட்டிலை விட்டு எழுந்து வந்து, சின்னச் சுத்தியால் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பார்த்தார். மணி அடித்தது போல நீண்டு ஒலித்தது. ஒரு கல்லில் மட்டும் இடது ஓரம் சத்தம் செத்து விழுந்தது. உள்ளே நரம்போ விரிசலோ இருக்கும். அந்தக் கல்லைப் பீடத்துக்கு ஒதுக்கிவிட்டோம். ஸ்கேன் எதுவும் வேண்டியதில்லை, காது போதும். இதைக் குறித்துக்கொள்கிறேன், காது பற்றிப் பின்னால் பேச வேண்டிவரும்.

மதியத்துக்கு மேல் காவியில் நூல் அடித்தோம். நடுவில் பிரம்ம சூத்திரம் என்கிற நடுக்கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் அளவு. விநாயகருக்கு ஐந்து தாலம். நாலடியை ஐந்தாக்கினால் ஒரு தாலம் பத்து இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. தாலத்தைப் பன்னிரண்டாக்கினால் அங்குலம், அங்குலத்தை எட்டாக்கினால் யவம். இந்தச் சிலையில் ஒரு யவம் இரண்டரை மில்லிமீட்டர்தான் வருகிறது. கண் இமையும் துதிக்கையின் மடிப்பும் தந்தம் வாயோடு சேரும் ஓரமும் யவக் கணக்கில் நடக்கிற வேலை. கிரைண்டரில் போடுகிற நாலு இஞ்ச் டைமண்ட் பிளேடின் தடிமனே கிட்டத்தட்ட ஒரு யவம். பிளேடு ஒருமுறை தவறிப் பட்டால் அந்த இமைக்கு உரிய கல்லே போய்விடும்.

இந்தக் கணக்கை அண்ணன் மகனிடம் சொன்னேன். "முகத்துக்கு யாரு சித்தப்பா கிரைண்டர் கேட்டா? முகம் வர்ற வரைக்கும் உள்ள கல்லைத்தானே கேக்கறேன்" என்றான். நியாயம்தான். நாலடிச் சிலைக்கு வருகிற கல்லில் பெரும்பகுதி கழிவாக விழுவது. மாதக்கணக்கில் உழைப்பைத் தின்பதும் அந்தக் கழிவுதான்.

2025 ஜனவரி 23, வியாழன் (தை 10)

இரண்டு வழியையும் ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் செய்து பார்த்தோம். பீடக் கல்லின் வலது பாதி எனக்கு, இடது பாதி அண்ணன் மகனுக்கு. நான் புள்ளி உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு பழையபடி பொளிந்தேன். அவன் கிரைண்டரில் விரற்கடை இடைவெளி விட்டு வரிவரியாகக் கீறினான். பிறகு தட்டை உளியைக் கீறலுக்குள் வைத்து ஒரு தட்டு. நடுவில் நின்ற கல் தகடு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. அரை நாளில் அவன் பக்கம் நூலுக்கு இறங்கிவிட்டது. என் பக்கம் நாளைக்கும் முடியாது.

அவன் கீறியதைப் பார்த்ததும் வலையன்குட்டை ரதம் கண்ணில் வந்தது. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் ஐந்து ரதத்தோடும் கடற்கரைக் கோயிலோடும் திரும்பிவிடுவார்கள். தொழில்காரன் போய் நிற்க வேண்டியது ஊருக்கு மேற்கே பாதியில் நின்றுபோன வலையன்குட்டை ரதத்துக்கும் பிடாரி ரதங்களுக்கும் முன்னால். பல்லவர் காலத்துத் தச்சர்கள் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களின் ஓரத்தில் பள்ளம் எடுத்து, நடுவில் துருத்தி நின்றதைத் தட்டி எறிந்திருக்கிறார்கள். அடுத்த அடுக்குக்கு மறுபடியும் கட்டம். வேலை நின்ற இடத்தில் அந்தக் கட்டங்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. பள்ளம் போடு, நடுவைத் தட்டு. அண்ணன் மகன் இன்று செய்ததும் அதே முறை. பள்ளம் போடுகிற விளிம்பு மட்டும் மாறியிருக்கிறது. அன்று இரும்பு உளி, இன்று நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றும் வைரத்தூள் பதித்த தட்டு. கோண கிரைண்டர் 1954இல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. முறையோ நமக்கு ஆயிரத்து முன்னூறு வருடம் பழையது.

இன்னொன்றும் கவனித்தேன். நாலு இஞ்ச் தட்டு ஓர் இஞ்சுக்கு மேல் கல்லுக்குள் இறங்காது. கிரைண்டரின் உடம்பு கல்லில் முட்டிக்கொள்ளும். நூலுக்கு மேல் ஓர் இஞ்சுக்கு அதிகமாகக் கல் நிற்கிற இடத்தில் எவ்வளவு அழுத்தினாலும் நூலைத் தாண்டிப் போக வழியில்லை.

2025 ஜனவரி 24, வெள்ளி (தை 11)

நேற்றைய வேகத்தின் விலையை இன்று காலையில் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தின் மூடி, முருங்கை இலை, மாமாவின் கட்டில், பின் வீட்டுக் கொடியில் காய்ந்த துணி எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் மாவு. வாடைக்காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. என் உளி போட்ட சில்லு காலடியிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் எனக்குச் சமாதானம் கிடையாது. கல்லில் உள்ள குவார்ட்ஸ்தான் ஆளைக் கொல்வது. உளி அடியில் பெரும்பாலும் சில்லும் மணலும் விழும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி அதிலும் உண்டு, ஆனால் குறைவு. வைரத்தட்டு கல்லை அரைக்கிறது. அரைத்த மாவில் மிக நுண்ணியது நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்கி, சதையைத் தழும்பாக்கிவிடும். அதுதான் சிலிகோசிஸ். அதற்கு மருந்து இல்லை. காசநோயும் சேர்ந்துகொள்ளும். படிகச் சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் முதல் பிரிவில் சேர்த்தது. எல்லாக் கருங்கல்லும் ஒன்றில்லை. டோலரைட் வகை முழுக் கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. சாம்பலும் வெள்ளையும் மினுக்குகிற கல்லில் அதிகம். வாங்குகிறவர் கறுப்பா வெளுப்பா என்று பார்ப்பது அழகுக்கு. செதுக்குகிறவன் உயிருக்காகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பாரி என்று ஓர் ஊர், முழுக்கக் கல் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே காற்று உளி வந்தது. குளிருக்காக மூடிய கொட்டகைகளுக்குள் அதை ஓட்டினார்கள். வேலை பெருகியது, கல்தச்சர்கள் நுரையீரல் நோயில் இள வயதிலேயே செத்தார்கள். 1920களில் அரசு மருத்துவர்கள் வந்து ஆராய்ந்து தூசியைக் காரணமாகக் காட்டினார்கள். 1930களின் கடைசியில் உளி முனைக்குப் பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் குழாய்கள் பொருத்தப்பட்டன. அதன் பிறகு தொழிலுக்கு வந்தவர்களை அந்த நோய் விட்டது. மெஷினை அவர்கள் கைவிடவில்லை. குழாய் வைத்தார்கள். குழாய் வருவதற்குள் ஒரு தலைமுறை போயிற்று. அந்தத் தலைமுறையை நாமும் கொடுத்துத்தான் கற்க வேண்டுமா?

நம் நாட்டில் சட்டப்படி சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் வேலை பார்த்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கீற்றுக் கொட்டகையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று உட்கார்ந்திருக்கிற பட்டறைகள் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே இங்கே ஆய்வாளர் நான்தான்.

அண்ணன் மகனை உட்கார வைத்துச் சொன்னேன்: தண்ணீர் இல்லாமல் இனி இந்தப் பட்டறையில் தட்டு சுற்றாது. கைக்குட்டை கட்டிக்கொள்வது கணக்கில் வராது, என்95 முகமூடி போட வேண்டும். கிரைண்டரும் தண்ணீரும் சேர்ந்தால் ஷாக் அடிக்கும், அதனால் முதலில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற இஎல்சிபி, ஒழுங்கான எர்த், ரப்பர் கையுறை, காலுக்குப் பலகை. "இதுக்கே பாதிப் பணம் போயிடும் சித்தப்பா" என்றான். போகட்டும் என்றேன்.

2025 ஜனவரி 26, ஞாயிறு (தை 13)

பள்ளித் தோழன் டெக்சாஸில் இருந்து பொங்கலுக்கு வந்தவன், ஊர் திரும்புவதற்கு முன் பட்டறைக்கு வந்தான். என் குழப்பத்தைச் சொன்னதும், "எங்க ஆளுங்க தோட்டாக் கூட்டுக்கு இதே சண்டை போடுவாங்க" என்றான். சுடுகளத்தில் குறி சுடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அங்கே சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது பலருக்கு வீட்டு வேலை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, தோட்டா தயாரிப்பதை உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. அதனால் நான் கதையாகக் கேட்டதோடு சரி. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு வேண்டியது இருந்தது.

சுடும்போது பித்தளை இழுபட்டுக் கூடு நீண்டுவிடுமாம். 308 வின்செஸ்டர் என்ற வகையில் கூட்டின் நீளம் 2.015 இஞ்சைத் தாண்டக் கூடாது. 2.005க்கு வெட்டி வைக்கிறார்கள். வெட்டிய வாயின் உள்ஓரத்தையும் வெளிஓரத்தையும் சீவி, பிசிறு நீக்க வேண்டும். பின்பக்கத்துச் சின்னக் குழியில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். இதற்கெல்லாம் கையால் திருகுகிற கருவியும் உண்டு, ஒரே பெட்டியில் பல முனைகள் மோட்டாரில் சுழல்கிற கருவியும் உண்டு. நூற்றுக்கணக்கில் செய்கிறவர்களுக்கு மணிக்கட்டு வீங்கிவிடும் என்று மோட்டாருக்குப் போகிறார்கள். மோட்டாரில் கை மரத்துப்போகும் என்று சிலர் திருகு கருவியை விடுவதில்லை.

"நீ எதுடா?" என்றேன்.

"ரெண்டும்தான். நீளம் வெட்டறது மோட்டார்ல. அதுல ஒரு முட்டு இருக்கு, அளவு வந்தா தானா நின்னுடும். நான் தூங்கி விழுந்தாலும் கூடுதலா வெட்டாது. வாய் ஓரம் சீவறது கையால. அதுக்கு முட்டு கிடையாது. பிசிறு போச்சா இல்லையான்னு விரலுக்குத்தான் தெரியும். மோட்டார்ல வெச்சா, தெரியறதுக்குள்ள வாய் கத்தி மாதிரி மெலிஞ்சுடும்."

அவன் போன பிறகும் அந்த முட்டு என்ற சொல் மனதில் நின்றது. வியாழக்கிழமை கிரைண்டர் கல்லில் இடித்து நின்றது இதுதான். மாமா தோள் போன கதையும் இதுதான். முட்டு இருக்கிற வேலையில் அவர் தோளைக் கொடுத்திருக்கிறார், கொடுத்திருக்கத் தேவையில்லை. முட்டு இல்லாத வேலையில் கொடுத்தது காதையும் விரலையும். அதற்கு மாற்று கிடையாது.

2025 ஜனவரி 27, திங்கள் (தை 14)

உளி பக்கத்துக் கணக்கையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். கருங்கல்லில் இரும்பு உளி சீக்கிரம் மழுங்கும். கை வேலையில் நாளின் நல்ல பங்கு உலைக்களத்தில் போகிறது. கரியில் முனையைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூர் நீட்டி, தண்ணீரில் தோய்த்து, முனையில் ஏறி வருகிற நிறத்தைப் பார்த்து மறுபடி தோய்க்க வேண்டும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினம். நீலம் வரை விட்டால் முனை இளகி, கல்லில் மடங்கும். வைக்கோலுக்கும் முன்னால் நிறுத்தினால் உடைந்து தெறிக்கும். இந்த நிறம் பார்க்கிற கண்ணும் முட்டு இல்லாத வேலைதான். மாமா இன்றைக்கும் நிழலில் உட்கார்ந்துதான் உளி தோய்ப்பார், வெயிலில் நிறம் ஏமாற்றும் என்று.

கார்பைடு முனை வைத்த உளி வந்த பிறகு உலைக்கு வேலை குறைந்தது. அதை வைரச் சக்கரத்தில் தீட்டிக்கொள்ளலாம், நாள் கணக்கில் கூர் நிற்கும். எனக்கு இதில் தயக்கமே இல்லை. கையின் உணர்வு அப்படியே இருக்கிறது, கொல்லுப்பட்டறையில் போகிற நேரம் மிச்சம். மின்சாரமும் வேண்டாம். கை வேலைக்கும் மெஷினுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதை வாக்குவாதத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறோம். நுண் வேலைக்கு மட்டும் மாமா தோய்த்த இரும்பு உளி. கார்பைடு முனையை அவ்வளவு மெல்லிசாகத் தீட்டினால் பொடிந்துவிடுகிறது.

2025 ஜனவரி 29, புதன் (தை 16)

தை அமாவாசை. பட்டறைக்கு விடுப்பு, அமாவாசையில் உளி எடுப்பதில்லை. கடலில் தலை முழுகித் தர்ப்பணம் முடித்து, ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் நடந்தேன். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், என் தொழிலுக்கு அங்கே கல் இல்லை. நாணயம் அடித்த இடம் என்பதால் எனக்குப் பிடிக்கும். கையால் நாணயம் அடித்த காலத்தில் எடையைத் தராசு சொன்னது, உருவத்தை அச்சு சொன்னது, சம்மட்டிக்காரன் ஓங்கி அடித்தால் போதும். அந்த அச்சை வெட்டினவன் கைக்குத்தான் எதுவும் துணைக்கு இல்லை.

2025 பிப்ரவரி 1, சனி (தை 19)

மாமல்லபுரத்தில் தெரிந்தவர் பட்டறையில் ஏர் உளியை முழுக் காலையும் ஓட்டிப் பார்த்தேன். 2015இல் உலக கைவினைக் கவுன்சில் கற்சிற்ப நகரம் என்று அறிவித்த ஊர், 2017இல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். தெருவில் நடந்தால் உளிச் சத்தத்தைக் காட்டிலும் கிரைண்டர் இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விக்குத் தங்கள் தங்கள் பதிலைச் சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏர் உளி நல்ல கருவி. பின்னல் வேலைக்கும் எழுத்து வெட்டுக்கும், சமமான தளத்தில் புள்ளி போட்டு நிரவுவதற்கும் அதன் வேகத்தைக் கை எட்டாது. தோளுக்கு ஓங்குகிற வேலை இல்லை, கை வழிகாட்டினால் போதும். ஆனால் ஒரு மணி நேரத்தில் விரல் நுனி மரத்துவிட்டது. 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர், இண்டியானாவில் பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போய், காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களின் கைகளைப் பார்த்தார். குளிரில் அவர்கள் விரல் வெளுத்து, ரத்தம் ஓடாமல், பொத்தான் போடக்கூட முடியாமல் இருந்தது. நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. நடுக்கம் அதேதான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றை அங்கே கண்டுகொண்டேன். கல் பேசுவது கேட்கவில்லை. சுத்தியால் அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு பதில் வரும். கணீர் என்றால் உள்ளே திடம். சத்தம் கொஞ்சம் தட்டையானால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது, உளியைச் சாய்க்க வேண்டும், அடியைக் குறைக்க வேண்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் உள்ள அந்த நொடியில்தான் தீர்மானம் நடக்கிறது. ஏர் உளியில் அந்த நொடி இல்லை. கம்ப்ரஸர் இரைச்சலில் காதில் பஞ்சு வேறு. மூக்கின் விளிம்பில் ஒரு நரம்பு ஓடினால் அது உடைந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

முகத்துக்கு என்ன முட்டு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் காதுதான்.

2025 பிப்ரவரி 4, செவ்வாய் (தை 22)

இரவு மூன்று பேரும் உட்கார்ந்து முடித்தோம். சத்தமாகத்தான் பேசினோம், சண்டை இல்லை.

பீடங்கள் முழுக்க மெஷினில். நேர்கோடும் தட்டைத் தளமும் தாமரை இதழின் முதல் கீறலும் எல்லாமே நூலும் மட்டமும் சொல்கிற அளவு. அவற்றைக் கையால் பொளிந்து தோளைக் கெடுத்துக்கொள்வதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. சிலைகளில் கழிவு எடுப்பது கிரைண்டரில், காவி நூலுக்கு மேல் ஒரு விரற்கடை கல் விட்டு நிறுத்த வேண்டும். அந்த விரற்கடைக்குள் கார்பைடு உளி. கடைசி ஒன்றிரண்டு யவத்துக்குள் மாமா தோய்த்த உளி. ஆபரணத்தில் அண்ணன் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. துவாரபாலகர் மார்பில் புரளும் முத்துச் சரத்துக்கு ஏர் உளி வேண்டும் என்றான். மணி எல்லாம் ஒரே அளவு, கல்லூரியில் செய்து பழகியவன். அவன் சொன்னது சரி. வாங்குவது வேண்டாம், அந்தக் கட்டம் வரும்போது மாமல்லபுரத்துப் பட்டறையில் நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று முடிவானது. அதுவும் விட்டு விட்டு ஓட்ட வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை கை ஓய வேண்டும்.

புதிதாக வாங்குவது: வேகம் கூட்டிக் குறைக்கிற கிரைண்டர் ஒன்று, தண்ணீர் சொட்டுக் குழாய், இஎல்சிபி, முகமூடிப் பெட்டி, கார்பைடு உளி ஒரு செட். கம்ப்ரஸர் இப்போது இல்லை. கொட்டகையின் வடக்குப் பக்கத்தைத் தட்டி வைத்து அடைத்து, வெட்டுகிற இடத்தைத் தெற்கே மாற்றுகிறோம், பின் வீட்டுக்குத் தூசி போகாதபடி. வேலை முடிந்ததும் தரையைக் கூட்டக் கூடாது, நனைத்துக் கழுவ வேண்டும். மாமாவின் கட்டில் வீட்டு வாசலுக்குப் போகிறது. அதற்கு மட்டும் அவர் கோபித்துக்கொண்டார்.

2025 பிப்ரவரி 6, வியாழன் (தை 24)

கோயில்காரர்கள் கல் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் கிரைண்டரைப் பார்த்துவிட்டு, "எங்க சாமிக்கு மெஷின் படுமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பட்டறைகளில் இதற்கு "படாதுங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். நான் கல்லிடம் கூட்டிப் போய், காவி நூலைக் காட்டினேன். இந்தக் கோட்டுக்கு வெளியே மெஷின், ஒரு விரல் தள்ளி நிற்கும். உள்ளே உளி மட்டும். முகம், கை, துதிக்கை எல்லாம் உளி. கண் திறப்பது உங்கள் ஊரில், உங்கள் முன்னால், உளியால்.

அவர் கோட்டுக்கு வெளியே எவ்வளவு கல் இருக்கிறது என்று சுற்றி வந்து பார்த்தார். "இதெல்லாம் எப்படியும் கீழ விழற கல்லுதானே" என்றார். ஆமாம் என்றேன். துவாரபாலகர் மாலைக்கு ஏர் உளி வரும் என்பதையும் சொன்னேன். அதற்கு அவர் ஒப்பவில்லை. சாமி உடம்பில் எங்கேயும் வேண்டாம், நாள் ஆனால் சித்திரைக் கடைசி வரைக்கும் பொறுக்கிறோம் என்றார். அண்ணன் மகன் முகம் விழுந்தது, ஆனால் ஒப்புக்கொண்டான். ஆர்டர் நோட்டில் இதையெல்லாம் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்: பீடம் மெஷின், கழிவு மெஷின், நூலுக்குள் உளி.

நாளைக் காலை எலக்ட்ரீஷியன் இஎல்சிபி பொருத்த வருகிறார். அது முடிந்த பிறகுதான் தட்டு சுற்றும்.